ஆர்எக்ஸ் 100-ஆ? ஸ்பிளெண்டரா?

பிசானம் அறுப்பு முடிஞ்சு கையில கொஞ்சம் காசு புழங்குற நேரம் வந்தாப் போதும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர்ப் பக்கத்து வீடுகள்ல ஒரு வழக்கு ஆரம்பிச்சிடும். வாதி, பாளையங்கோட்டையில காலேஜ் படிக்கிற பையன். பிரதிவாதி, அவன் அப்பா. பையனுக்கு எங்கேயோ பார்த்து வச்ச பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 வேணும். அப்பாவுக்கு ஸ்பிளெண்டரைத் தவிர வேற பைக்கே உலகத்துல கிடையாது. "ஏல, வண்டி வாங்குறது ஊர் பார்க்கவா, காலேஜ் போகவா?" தீர்ப்பு பெரும்பாலும் அம்மா கையில :-)

வெளிநாட்டுல இதே சண்டையை ஸ்போர்ட்ஸ் காரை வச்சுப் போடுவாங்க. பார்த்தாலே மனசு அள்ளுற இத்தாலிக் காரா, காலையில சாவி போட்டா கண்டிப்பா ஸ்டார்ட் ஆகுற ஜப்பான் காரான்னு. தாமிரபரணிக் கரையில நாலு சக்கரத்துக்குப் பதிலா ரெண்டு சக்கரம். மத்தபடி கேள்வி ஒண்ணுதான்.

இந்தக் கேள்வி நம்ம நாட்டுல முதல் தடவை நல்லா சூடு பிடிச்சது 1980-கள்ல. 1983-ல எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350-ங்கிற பேர்ல யமஹா ஆர்டி 350-ஐ இங்கே கொண்டு வந்தது. 347 சிசி, ரெண்டு சிலிண்டர், ஆறு கியர், 30 குதிரைச் சக்திக்கு மேல. புல்லட்டையே பெரிய வண்டின்னு நினைச்சுக்கிட்டிருந்த ஊருக்கு இது ராக்கெட். ஆனா லிட்டருக்கு 25 கிலோமீட்டர் தந்தாலே பெரிய விஷயம். உதிரி பாகம் விலையும் கொள்ளை. மைலேஜுக்காக சக்தியைக் குறைச்சு இன்னொரு மாடலும் விட்டுப் பார்த்தாங்க. ஒண்ணும் எடுபடலை, 1990 வாக்குல கதை முடிஞ்சது. இதுக்கு நடுவுல 1985-ல ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தாச்சு. பெட்ரோலை ஊத்து, மூடியைப் போடு, மறந்துடுங்கிற மாதிரி ஒரு விளம்பரம். இந்தியா எதை வாங்கிச்சுன்னு சொல்லவே வேண்டாம். அந்த வம்சத்துல 1994-ல பிறந்ததுதான் ஸ்பிளெண்டர். ஹீரோவும் ஹோண்டாவும் பிரிஞ்ச பிறகும் அது ஓடிக்கிட்டேதான் இருக்கு.

ஆர்எக்ஸ் 100 வந்ததும் அதே 1985-ல, அதே எஸ்கார்ட்ஸ் கிட்ட இருந்துதான். ஒரு உண்மையை இங்கே ஒத்துக்கணும். புதுசா இருந்த காலத்துல ஆர்எக்ஸ் நம்ப முடியாத வண்டி இல்லை. சின்ன எஞ்சின், எளிமையான அமைப்பு, எந்த ஊர் மெக்கானிக்கும் கழட்டி மாட்டிடுவார். 98 சிசியில 11 குதிரைச் சக்தி, மொத்த எடையே சுமார் நூறு கிலோ. ஒரு கட்டத்துக்கு மேல ஆக்சிலேட்டரைத் திருகினா வண்டி சட்டுனு வேற வண்டியா மாறி, ஓட்டுறவன் வயித்தை ஒரு இழு இழுக்கும். சேரன்மகாதேவி ரோட்டுல காலை ஏழு மணிக்கு, ரெண்டு பக்கமும் வயல், எதிர்ல வண்டி இல்லாத நேரத்துல அந்த இழுப்பைக் கண்டவனுக்கு ஸ்பிளெண்டர் தையல் மெஷின் மாதிரிதான் தெரியும். இதைக் கிண்டல் பண்றவங்க அந்த வண்டியை ஓட்டியிருக்க மாட்டாங்க.

சிக்கல் வயசுதான். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-லயே நின்னு போச்சு. அதாவது இன்னைக்கு மார்க்கெட்ல இருக்குற ஒவ்வொரு ஆர்எக்ஸும், அதை வாங்க ஆசைப்படுற பையனை விட மூத்தது. பதினஞ்சு வருஷம் தாண்டின வண்டின்னா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்சி புதுப்பிக்கணும். ஒரிஜினல் உதிரி பாகம் கிடைக்கிறது கஷ்டம். டூ ஸ்ட்ரோக் காதைக் கேட்டே நோய் சொல்ற மெக்கானிக்குகளும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

சரி, பி.காம். புத்தியைக் கொஞ்சம் உபயோகிக்கலாம். கல்லிடைக்குறிச்சியில இருந்து பாளையங்கோட்டை போய் வர ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர்னு வைங்க. ஆர்எக்ஸ் லிட்டருக்கு 40, ஸ்பிளெண்டர் 60. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய். ஒரு நாள் வித்தியாசம் சுமார் 62 ரூபாய், மாசத்துக்கு 22 நாள் காலேஜ்னா 1,400 ரூபாய் பக்கம் வரும். எஞ்சின் ஆயில் கணக்கு தனி. பையன் இதுக்கு அசர மாட்டான். அவன்கிட்ட ரெடியா ஒரு பதில் இருக்கு: ஸ்பிளெண்டர் விலை வருஷா வருஷம் இறங்கும், ஆர்எக்ஸ் விலை ஏறும். தேய்மானம் இல்லாத சொத்து! கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா விலை ஏறுறது போர்வை போட்டு மூடி வச்சிருக்கிற ஆர்எக்ஸுக்கு. தினமும் 75 கிலோமீட்டர் ஓடுற, மழையில நனையுற, போர் தேஞ்ச ஆர்எக்ஸுக்கு இல்லை. சொத்தா வச்சுக்கிட்டா காலேஜுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. காலேஜுக்கு எடுத்துட்டுப் போனா சொத்து இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் கூட இரண்டாம்பட்சம். சராசரிச் செலவைக் கூட்டிக் கழிச்சுச் சமாளிச்சிடலாம். என்னைக்கு நிக்கும்னு தெரியாத வண்டியோட பிரச்சினை சராசரியில இல்லை, அந்த ஒரு நாள்ல இருக்கு. செமஸ்டர் பரீட்சை அன்னைக்கு பேட்டைக்கு முன்னாடி நின்னா என்ன பண்றது? செங்கோட்டை பாசஞ்சர் எப்பவோ போயிருக்கும்.

அதை விட முக்கியமா ஒண்ணு இருக்கு. இந்த வீடுகள்ல ஒரு பைக்தான் இருக்கும். காலையில பையன் காலேஜுக்கு, சாயங்காலம் அப்பா உரக் கடைக்கு, நடு ராத்திரி பாட்டிக்கு மூச்சு முட்டினா முதல்ல கை போறதும் அதே சாவிக்குத்தான். ஹைகிரவுண்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் வரும்தான். அது வர்ற வரைக்கும் பக்கத்து டவுன் டாக்டர்கிட்ட ஓடுறது இந்த வண்டிதான். ஆர்எக்ஸ் வாங்கினா த்ரில் முழுசும் பையன் கணக்குல வரவு. நின்னு போறதோட செலவு, அதைக் கேட்கவே கேட்காத நாலு பேர் கணக்குல பற்று. "என் டேஸ்ட், என் இஷ்டம்"னு அவன் சொல்றது இந்த இடத்துலதான் செல்லுபடி ஆகலை. தனி ஆளா இருந்து, சொந்தக் காசுல வாங்கி, பிளக் கழட்டிச் சுத்தம் பண்ணத் தெரிஞ்சவன் ஆர்எக்ஸ் வாங்கட்டும், யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இல்லை. வீட்டுக்கு ஒரே வண்டின்னா ஸ்பிளெண்டர்தான், அப்பா சொன்ன காரணத்துக்காக இல்லாட்டியும்.

டிவிஎஸ்-ங்கிற பேர்ல இருக்குற முதல் எழுத்து, நாங்குநேரிப் பக்கத்துத் திருக்குறுங்குடிதான். சுந்தரம் அய்யங்காரோட ஊர். அந்தக் கம்பெனியும் சுசுகியும் சேர்ந்து ஓசூர்ல வண்டி செஞ்ச காலத்துல ரெண்டு ரகமும் ஒரே கடையில வச்சு வித்தாங்க. பிரச்சினையே இல்லைன்னு விளம்பரம் பண்ணின சாமுராய் ஒரு பக்கம், 14 குதிரைச் சக்தியோட சீறின ஷோகன் இன்னொரு பக்கம். ஆபீஸ் போறவர் எதை வாங்கினார், அவர் மகன் எதை ஏக்கமாப் பார்த்தான்னு தனியா எழுதத் தேவையில்லை.

பையனுக்கு ஒரு வழி இருக்கு. மிச்சமாகுற 1,400-ஐ மாசா மாசம் தனியா எடுத்து வைக்கட்டும். வருஷத்துல பத்து மாசம் காலேஜ்னு வச்சாலும் மூணு வருஷத்துல 42,000. வேலைக்குப் போய் இன்னும் கொஞ்சம் போட்டு, ஞாயித்துக்கிழமை பாபநாசம் போய் வர ஒரு ஆர்எக்ஸ் பார்க்கலாம். அப்போ ஒண்ணு மட்டும்: எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்சியோட ஒத்துப் பார்த்துட்டு அட்வான்ஸ் கொடுங்க. ரெண்டு மூணு வண்டியைப் பிரிச்சு ஒண்ணாக் கோர்த்தது நிறையவே சுத்துது.