கண்மாயும் கிணறும்

ஆற்றுவளம் குறைந்தது புதுக்கோட்டைச் சீமை. வெள்ளாறு மழைக்காலத்தில் பெருகி, வேனிலில் வெறும் மணலாய்க் கிடப்பது. ஆதலின், பெய்த மழையைத் தேக்கி வைக்கக் கருதிய முன்னோர், ஏரி, கண்மாய், குளம் என 5,000-க்கும் மேற்பட்ட நீர்நிலைகளை இம்மாவட்டத்தில் அமைத்தனர். கல்லாலாகிய குமிழித்தூம்புகளை அவற்றுள் பலவற்றில் இன்றும் காணலாம். நீர் செல்ல ஒரு துளையும் சேறு வெளியேற மற்றொரு துளையும் கொண்ட அதன் நுட்பம் வியத்தற்குரியது. வரத்துக்கால் தூர்ந்தால் ஊரார் கூடி வெட்டுவர். கரை உடைந்தால் அவர்களே அடைப்பர். இதனைக் குடிமராமத்து என்பர்.

அந்நாளைப் பொற்காலம் என்று புகழ்வாரும் உளர். யான் அதற்கு உடன்படேன். ஊர் என்னும் சொல் அந்நாளில் ஊரிலுள்ளார் அனைவரையும் குறிக்கவில்லை. ஊருணியில் நீர் முகக்கும் உரிமை சாதியின் பெயரால் பலர்க்கு மறுக்கப்பட்டது. கரைக்கு மண் சுமந்தவருள் எத்தனையோ பேருக்கு ஆயக்கட்டில் ஒரு குழி நிலமும் இல்லை. பொதுநலம் என்று பெயரிட்டுத் தனிமனிதரை நசுக்குதல் எவ்வளவு எளிது! 1950ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15ஆம் உறுப்பு, பொதுக் கிணறு, குளம், நீராடுதுறை ஆகியவற்றைப் பயன்படுத்துவோரைச் சாதி, சமயம் முதலியன காட்டித் தடுத்தலாகாது என விதித்தது. தனிமனித உரிமையே பொதுக்குளத்தை மெய்யாகவே பொதுவாக்கிற்று எனலாம்.

அவ்வுரிமையின் பெயராலேயே இன்று வேறொன்று நிகழ்கின்றது. ஆலங்குடி, கீரமங்கலம் பகுதிகளில் மலரும் வாழையும் பயிரிடுவோர் பல நூறு அடி ஆழத்திற்குக் குழாய்க் கிணறு இறக்கியுள்ளனர். அவர்களைப் பேராசைக்காரர் என்று பழித்தல் தகாது. கண்மாய் வறண்டமையாற்றான் கிணற்றை நாடினர். ஆனால், கிணறு கிடைத்தபின் வரத்துக்காலை நினைப்பார் இலர். ஒருவர் கிணறு ஆழமாக ஆழமாக, அடுத்தவர் கிணறு வற்றுகின்றது. அவரும் கடன்பட்டு ஆழமாக்குகின்றார். பொருளற்றவர் ஏரைத் துறந்து கூலி தேடி வெளியூர் செல்கின்றார். தம் நிலத்தடியில் வரையறுத்த கால்வழியின்றிப் பரவியுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நிலவுடையார்க்கு உண்டு என்பது 1882ஆம் ஆண்டுச் சட்டம். அடிநீரோ எல்லைக்கல்லை அறியாது! இதனை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு இயற்றிய சட்டமும் 2013இல் நீக்கப்பட்டது.

குளத்தில் இறங்கும் உரிமையும் அடிநீரை வற்ற இறைக்கும் உரிமையும் ஒரே பெயரால் வழங்கினும் ஒன்றாகா. முன்னதை எல்லாரும் ஒருங்கே பெறலாம்; பின்னதை ஒருவர் மிகுதியாகக் கொள்ள, அயலார் இழப்பர். இதற்கு வரம்பிடுதல் அடக்குமுறை ஆகாது.

வரம்பிடுவோர் யார் என்பதே வினா. ஊர்ப் பெரியவர் நால்வரிடம் விட்டால் பழைய தீங்கு மீளும். தலைநகரிலிருந்து வரும் ஆணையோ எந்த வாய்க்கால் எங்கே அடைபட்டது என்பதை அறியாது. கிராம சபையில் நிலக்கிழார்க்கும் நிலமற்ற கூலிப்பெண்ணுக்கும் குரல் ஒன்றே. உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாளிலும் அதனைக் கூட்டுதல் வேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டு முடிவு செய்தது. அந்நாளில் ஊரிலுள்ள குழாய்க் கிணறுகள் எத்தனை, அவற்றின் ஆழம் எவ்வளவு, எவர் நிலத்தருகே வரத்துக்கால் குறுகியுள்ளது என்னும் கணக்கை, உரியவர் முன்னிலையிலேயே உரக்கப் படித்தல் வேண்டும்.