மருத்துவர் தீவில் தங்க வேண்டும்!
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

தங்கச்சிமடத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்வி ஒருவரை எவ்வளவு உயர்த்தும் என்பதை அறிவேன்; ஊரைவிட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதையும் அறிவேன். ஆகவே இதை எழுதுகிறேன்.

1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, நோயாளியை அக்கரைக்குக் கொண்டுபோக ரயிலுக்கோ தோணிக்கோ காத்திருக்க வேண்டும். பாலம் வந்தது, நோயாளியின் பயணம் எளிதாயிற்று. ஆனால் மருத்துவரை இக்கரையில் தங்க வைக்கப் பாலம் மட்டும் போதுமா?

அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்களை 2020ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. 2022இல் இராமநாதபுரத்திலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் கதவு திறந்துவிட்டது. வரவேற்போம்! ஆயினும், பட்டம் பெற்றபின் அப்பிள்ளை எந்த ஊரில் பணி செய்யும் என்பதை இட ஒதுக்கீடு தீர்மானிப்பதில்லை.

விசைப்படகுத் தொழிலாளி கடலுக்குப் போகும் நாளில் மருத்துவமனைக்கு வரமாட்டார் என்பது கரையில் வாழ்ந்தவருக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலத்தில் அவர் கரையில்தான் இருப்பார். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாமுக்கு அதைவிட ஏற்ற காலம் உண்டா?

வெளியூர் மருத்துவர் கூடாது என்பதன்று என் வாதம். கேரளத்தில் பயின்ற ரெஜி, லலிதா தம்பதியர் 1993இல் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கிக்கு வந்தனர். குடிசையில் மருத்துவம் பார்க்கத் தொடங்கி, பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளராகப் பயிற்றுவித்தனர். தங்கியதால்தான் மக்களை அறிந்தனர்.

தங்குபவரிடம் தியாகத்தை மட்டும் கேட்பது நேர்மையன்று. மேற்படிப்பில் அரசுப் பணி மருத்துவர்களுக்குத் தனி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு உரிமை உண்டென 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எட்டாத ஊர்களில் உழைப்போருக்கு அவ்வழி என்றும் திறந்திருக்க வேண்டும். குடியிருக்க நல்ல வீடும், துணைக்குப் போதிய செவிலியரும் வேண்டும்.

மருத்துவம் பயிலும் தோழர்களே, தீவுக்கு வாருங்கள். தடைக்காலத்தில் முகாம் நடத்துங்கள். வீடுவீடாகச் சென்று ஆட்களை அழைத்துவரவும், பெயர் பதிவு செய்யவும் கலைக் கல்லூரி மாணவர்களாகிய நாங்கள் வருகிறோம்.