வழியிலேயே இணங்கிக்கொள்வோம்



நீதிமன்றம் செல்லும் வழியிலேயே எதிராளியோடு இணங்கிக்கொள்ளுமாறு ஆண்டவர் மலைப்பொழிவில் பணித்தார். பிரியும் தம்பதியருக்கும் அது பொருந்தும். திருமணப் பிணைப்பை அரச சட்டம் அவிழ்ப்பதில்லை என்பதே திருச்சபையின் போதனை. ஆயினும் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் உரிமைகளுக்கும் வேறு வழியில்லாதபோது விவாகரத்தைச் சகிக்கலாம் என்று மறைக்கல்வி ஏடு (2383) கூறுகிறது.

அறுகம்பேயில் நம் முஸ்லிம் அயலவரின் மணமுறிவைச் சட்டத்தரணிகளின்றிக் காதி நீதவான் விசாரிக்கிறார். நமக்கோ 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். விபசாரம், வேண்டுமென்றே கைவிடுதல் போன்ற குற்றத்தை மாவட்ட நீதிமன்றில் நிரூபிக்க வேண்டும். குற்றச்சாட்டு வளர வளரச் செலவும் பகையும் வளரும்.

ஆகவே பிள்ளைகள் யாரிடம் வாழ்வது, பராமரிப்புப் பணம் எவ்வளவு, சீதன வீடு யாருக்கு என்பவற்றை வழக்குக்கு முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பங்குத்தந்தையின் துணையை நாடுங்கள். வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. அடி உதை உள்ள வீட்டிலோ பேச்சுக்கு முன் பாதுகாப்பே முதன்மை; 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்கானது.

பெற்றோரே, பிள்ளையைப் பணயம் வைத்து வெல்லும் வழக்கு வெற்றியன்று. கணவன் மனைவி என்ற உறவு முறிந்தாலும் தாய் தந்தை என்ற கடமை முறிவதில்லை.