மண்வள அட்டையில் இடம்பெறாத உயிர்கள்

புதுதில்லி: விவசாயிகளுக்கு மத்திய அரசு வழங்கும் மண்வள அட்டை, 2015-ல் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கி வைக்கப்பட்ட திட்டம். தழை, மணி, சாம்பல் சத்துகள் முதல் துத்தநாகம், போரான், கார அமிலத்தன்மை வரை 12 விவரங்கள் அதில் உண்டு. அச்சத்துகளைப் பயிருக்கு எடுத்துத் தரும் நுண்ணுயிர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கரிமச்சத்தின் அளவைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம், அவ்வளவே.

இது ஏட்டளவிலான குறை அல்ல. ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயறுவகைகளின் வேர்முடிச்சில் சேர்க்கிறது. டிரைக்கோடெர்மா பூஞ்சை வேரழுகலைத் தடுப்பதோடு, செடியின் எதிர்ப்பாற்றலையும் முன்கூட்டியே தட்டியெழுப்புகிறது. யூரியா மிகுந்தால் வேர்முடிச்சுகள் குறைகின்றன. வெப்பம் கூடினால், பல செடிகளில் நோய்த் தற்காப்புக்கான சாலிசிலிக் அமிலச் சுரப்பும் குறைகிறது.

வெப்பம் என்பது இனி தொலைதூர அச்சம் அன்று. 1901-க்குப் பிந்தைய மிக வெப்பமான மார்ச் மாதத்தை 2022-ல் நாடு கண்டது. 11.13 கோடி டன் என்றிருந்த கோதுமை விளைச்சல் மதிப்பீட்டை, அந்த மே மாதம் 10.64 கோடி டன்னாக அரசு குறைத்தது. ஏற்றுமதிக்கும் தடை விதித்தது.

உயிர் உரங்கள் 2006-லேயே உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்புக்குள் வந்துவிட்டன. ஆனால் மானியத்தின் பெரும்பங்கு யூரியாவுக்கே. 2010-ல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோதும் யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. விலையில் கைவைக்க எந்தக் கட்சிக்கும் துணிவில்லை.

ரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலங்களுக்கு, மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் தரும் பி.எம்.பிரணாம் திட்டத்துக்கு 2023 ஜூன் 28-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 45 கிலோ யூரியா மூட்டையை, வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக, ரூ.242-க்கே தொடர்ந்து வழங்குவதென முடிவெடுத்ததும் அதே நாளில்தான்.