தோலைக் காப்பது ஆடம்பரமன்று

உழவு மாட்டின் கழுத்தில் நுகத்தடி உராய்ந்து புண் கண்டால் நம் விவசாயி அன்று அதனை ஏரில் பூட்டுவதில்லை. வேப்பெண்ணெய் தடவி ஆறவிடுகிறார். தமது கையில் அதே புண் கண்டாலோ, உழைக்கிற கை அப்படித்தான் இருக்குமென்று மறுநாளும் வேலைக்கு இறங்கிவிடுகிறார். தோலைப் பேணுதல் முகப்பூச்சு வாங்குவோரின் காரியம் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இவ்வெண்ணம் தவறானது, அதற்கு நாம் கொடுக்கும் விலையும் அதிகம்.

அனுமந்தன்பட்டியைச் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது. இப்பெருமையை விளைவிப்போரின் நிலை யாது? திராட்சைக் கொடி பந்தலின்மேல் படர்வது. ஆகவே மருந்தைக் கீழிருந்து மேல்நோக்கித் தெளிக்க நேர்கிறது; அது தெளிப்பவரின் தலையிலும் கழுத்திலும் தோளிலும் திரும்பச் சொட்டுகிறது. முதுகிலேற்றிய தெளிப்பான் கசிந்தாலோ இடுப்புவரை நனைகிறது.

நஞ்சு வாய்வழியாகவும் மூச்சுவழியாகவும் மட்டுமே புகும் என்று பலர் நம்புகின்றனர். உண்மையில் தெளிப்பவரின் உடலுக்குள் அது பெரும்பாலும் தோல்வழியாகவே செல்கிறது. தடித்த உள்ளங்கையைவிடக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய மெல்லிய இடங்களில் விரைந்து புகும். 1775 இல் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கிலேய மருத்துவர், புகைபோக்கி துடைக்கும் தொழிலாளரின் விதைப்பையில் தோன்றிய புற்றுநோய்க்குத் தோல் மடிப்பில் தங்கிய கரியே காரணமென எடுத்துக்காட்டினார்.

நெசவாளருக்கு வேறு வகைத் துன்பம். ஆண்டிபட்டி சக்கம்பட்டியிலாயினும் பிற இடங்களிலாயினும், நூலுக்குச் சாயமிடுவோர் காஸ்டிக் சோடாவைக் கையாளுகின்றனர். அது பட்டவுடன் விரல் வழவழக்கும். தோலின் கொழுப்பையே அது சோப்பாக மாற்றுவதன் அடையாளம் அது. எரிச்சல் பின்னரே தெரியும். கையிற் படிந்த சாயத்தைப் பிளீச்சிங் பவுடரால் தேய்த்துப் போக்குவது புண்ணுக்கு வித்திடுவதாகும். சில அசோ சாயங்கள் புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்களை வெளியிடக்கூடியவை என்பதால் 1994 இல் ஜெர்மனியும் 1997 இல் நம் நாடும் அவற்றைத் தடைசெய்தன. ஆகவே பெயரும் தயாரிப்பாளரும் தெரியாத மலிவுச் சாயத்தை வாங்கலாகாது.

தற்காப்புக்குச் செய்யவேண்டியவை எளியவையே. காற்றடங்கிய காலை நேரத்தில் தெளித்தல் வேண்டும். முழுக்கைச் சட்டையும் தலையையும் கழுத்தையும் மறைக்கும் துணியும் அணிதல் வேண்டும். உறை ரப்பராலானதாக இருக்கட்டும். நனைந்த துணியுறையும் ஓட்டை விழுந்த ரப்பர் உறையும் நஞ்சைக் கையோடு ஒட்டவைத்து இன்னும் கேடு செய்யும். மருந்து பட்டால் உடனே சோப்பும் மிகுந்த நீரும் கொண்டு கழுவுக. அதன்மேல் எண்ணெய் தேய்க்கலாகாது, சில மருந்துகளை எண்ணெய் மேலும் உள்ளே செலுத்தும். தேங்காயெண்ணெய் தூய்மையான கைக்கு இரவில் உரியது. தெளித்த உடையை வீட்டுத் துணிகளுடன் சேர்த்துத் துவைத்தல் ஆகாது; அவ்வாறு செய்தால் நஞ்சு குழந்தையின் சட்டையிலும் ஏறும்.

வெயிலில் உறையும் தடித்த உடையும் தாங்கமுடியாதவை என்பது மெய்யான ஆட்சேபம். அதற்கு விடை உறையை எறிவதன்று. வேலை நேரத்தைக் குறைத்து விடியலில் முடிப்பதே. செலவு அதிகமென்பாரும் உளர். ஒருவர் புண்பட்ட கையோடு வேலையின்றி இருக்கும் நாட்களின் கூலியோடு ஒரு ஜோடி உறையின் விலையை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

1968 ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தின்கீழ் 1971 இல் வந்த விதிகள் பாதுகாப்பு உடையையும் முதலுதவியையும் வற்புறுத்துகின்றன. ஆனால் விதி ஏட்டில் இருக்க, கூலிக்குத் தெளிக்கும் ஏழையோ வெறும் உடம்போடு நிற்கிறார். தோட்டம் ஒருவருடையது, தோல் மற்றொருவருடையது என்பதே இதன் மூலகாரணம். ஆகவே சங்கங்கள் மருந்தைக் கடனாக வழங்கும்போது உறையையும் அக்கடன் பொருளிலேயே சேர்த்து வழங்குக. சாயப்பட்டறைதோறும் குழாய்நீரும் சோப்பும் வைக்கச் செய்க. அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரல் வேண்டும். மாட்டின் கழுத்துக்குக் காட்டும் பரிவை மனிதனின் கைக்கும் காட்டுவது கூட்டுறவின் கடமையன்றோ?