பிளாட்டினமே கதியா?

"பிளாட்டினம் இல்லாமல் எரிபொருள் மின்கலம் ஏது?" என்று கேட்கிறார்கள், சுரங்க முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குவோர். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுக்க ஊக்கி வேண்டும், உண்மை. அது பிளாட்டினமாகத்தான் இருக்க வேண்டுமா?

டங்ஸ்டன் கார்பைடு பிளாட்டினத்தைப் போலவே ஊக்கியாக வேலை செய்வதை லெவி, பூதார் என்ற விஞ்ஞானிகள் 1973-லேயே காட்டினார்கள். லேத் தொழிலாளி அன்றாடம் கையாளும் வெட்டுமுனைப் பொருள்தான் அது! அதன் வேகம் பிளாட்டினத்துக்கு இன்னும் ஈடில்லை. மின்கலத்தில் அரிப்புக்கும் ஆளாகிறது. இதை நாம் மறைக்கவில்லை. இக்குறைகளைத் தீர்க்கும் ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

பிளாட்டினத்தின் விலையை நாம் அறிவோம். 2012 ஆகஸ்ட் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் மரிகானாவில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர் 34 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது!

ரத்தம் தோய்ந்த உலோகத்துக்கு மாற்றுத் தேடுவது விஞ்ஞானத்தின் கடமை. அந்த மாற்றும் முதலாளிகளின் பெட்டிக்குள் போகாமல் காப்பது மக்களின் கடமை!