மழைக்காலத்துக்கென்றே நிற்கும் வட்டக்குடில்

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், போர்ட்லண்டை ஒட்டிய ஹில்ஸ்பரோ, பீவர்டன் நகரங்களில் தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழ்கின்றன. இன்டெல் நிறுவனத்தின் பெரிய வளாகங்கள் அங்கே இருப்பது முக்கியக் காரணம். அங்கிருந்து காரில் மேற்கே ஒன்றரை மணி நேரம் போனால் பசிபிக் கடல். மலையிலிருந்து இறங்கி வரும் காடு அலையின் ஓரம்வரை வந்து நிற்கிற கரை அது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடையில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: ஜூலை, ஆகஸ்டில் கடற்கரைப் பூங்காவில் ஒரு யர்ட் கிடைக்குமா?

கிடைப்பது அரிது. மாநிலப் பூங்காக்களில் ஆறு மாதம் முன்பே முன்பதிவு திறந்துவிடும். கோடை வார இறுதிகள் வந்த வேகத்தில் போய்விடும். கிடைக்காதவர்கள் அந்த ஆசையையே விட்டுவிடுகிறார்கள். அவர்கள் தேடிய மாதம்தான் தவறு. யர்ட் என்ற அந்த வட்டக்குடில் ஒரிகன் கரைக்கு வந்ததே மழைக்காலத்துக்காக. நவம்பரிலிருந்து மார்ச் வரை, அதிலும் வாரநாட்களில், அங்கே போய்த் தங்குவதுதான் சரியான திட்டம்.

மங்கோலிய மேய்ச்சல்காரர்களின் வட்டக் கூடாரத்தை அமெரிக்க முறையில் மாற்றிச் செய்யும் பசிபிக் யர்ட்ஸ் நிறுவனம், 1978 முதல் ஒரிகனிலேயே காட்டேஜ் குரோவ் என்ற சிற்றூரில் இயங்கிவருகிறது. 1990களின் முற்பகுதியில் மாநிலப் பூங்காத் துறைக்கு ஒரு கவலை இருந்தது. கோடையில் கூடாரத் திடல்கள் நிரம்பி வழியும். மழை தொடங்கியதும் வெறிச்சோடிப் போகும். துணிக்கூடாரத்தில் ஒழுகலோடு படுக்க யாருக்கு மனம் வரும்? சொந்த மாநிலத்திலேயே கிடைத்த வட்டக்குடிலைக் கேப் லுக்அவுட் பூங்காவில் வைத்துப் பார்த்தார்கள். சொந்தக் கூடாரம் இல்லாதவர்களும், மழைக்கு அஞ்சியவர்களும் வரத் தொடங்கினார்கள். இன்று வடக்கே ஃபோர்ட் ஸ்டீவன்ஸிலிருந்து தெற்கே ஹாரிஸ் பீச் வரை கரை நெடுகப் பல பூங்காக்களில் யர்ட்கள் உண்டு.

உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் புரியும். 16 அடி விட்டம். மரப்பட்டிகளைக் குறுக்கும் மறுக்குமாகப் பின்னிய சுவர், அதன்மேல் இழுத்துக் கட்டிய தடித்த துணி, உச்சியில் வெளிச்சம் இறங்கும் குவிமாடம். அடுக்குக் கட்டில் ஒன்று, விரித்தால் படுக்கையாகும் சோபா ஒன்று, மின்விளக்கு, ஹீட்டர், பூட்டக்கூடிய கதவு. ஐந்து பேர் படுக்கலாம். மெத்தை இருக்கும், விரிப்பு, தலையணை, போர்வை நம்முடையவை. வெளியே முன்திண்ணை போன்ற மரத்தளமும் மேசையும் நெருப்பு மூட்டும் இரும்பு வளையமும் இருக்கும். கழிப்பறையும் வெந்நீர்க் குளியலறையும் பொதுக் கட்டடத்தில், சற்றுத் தள்ளி. நள்ளிரவு மழையில் முழங்கால் வலியோடு அந்தத் தூரத்தை நடக்க வேண்டிய பெரியவர்கள் உடன் வந்தால் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். அம்ப்குவா லைட்ஹவுஸ் பூங்காவில் உள்ள பெரிய ரக யர்ட்களில் குளியலறையும் சிறு சமையல் மேடையும் உள்ளேயே உண்டு. கூடுதல் வாடகை என்றாலும் பெற்றோருக்காக அதைத் தேர்ந்தெடுப்பது நியாயமான செலவு.

கோடைதான் நல்ல காலம் என்ற எண்ணத்துக்கு அந்தக் கரையில் அடிப்படையும் குறைவு. ஆகஸ்டிலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். உள்நாடு கொதிக்கும்போது கடலிலிருந்து மூடுபனி எழுந்து கரையை மறைத்துவிடும். கடல் நீரோ எந்த மாதத்திலும் உடல் நடுங்கும் குளிர். மெரினாவில் போல முழங்கால் அளவில் நின்று விளையாடலாம் என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். குளிர்காலத்திலோ உறைபனி அபூர்வம். ஐந்து முதல் பத்து டிகிரி வரை, காற்றோடு மழை. கரையின் வடகோடியில் உள்ள அஸ்டோரியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர் மழை. சென்னைக்குக் கிடைப்பதைவிட இது அதிகம்தான். ஆனால் சென்னையில் சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது அங்கே மாதக்கணக்கில் தூறலாகப் பிரிந்து விழுகிறது. நடுநடுவே இரண்டு மணி நேரம் வெயிலும் அடிக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தயாராகக் காலணியை மாட்டிக்கொண்டு இருப்பவருக்குத்தான் கரை கிடைக்கும்.

அந்தக் காட்டை வளர்த்ததே அந்த மழைதான். கடலோரத்தின் ராஜா சிட்கா ஸ்ப்ரூஸ். உப்புக்காற்றைத் தாங்கும் இந்த மரம் கரையை விட்டு அதிகத் தூரம் உள்ளே போவதில்லை. எடை குறைந்து வலு மிகுந்த மரம் என்பதால் முதல் உலகப் போரில் விமானச் சட்டங்களுக்காக அமெரிக்க ராணுவமே தனிப் பிரிவு அமைத்து இதை வெட்டியது. பெர்பெச்சுவா முனைக்கு அருகில் 500 வயதைத் தாண்டிய ஸ்ப்ரூஸ் ஒன்று இன்னும் நிற்கிறது. ஜனவரியில் அதன் கீழே நின்றால் கிளைகளில் பாசி விரல் கனத்துக்குத் தொங்கும். மழை விட்ட பிறகும் மரம் மட்டும் சொட்டிக்கொண்டிருக்கும். கோடையில் போகிறவர்களுக்கு இந்தப் பச்சை கிடைப்பதில்லை. சாம்பல் திமிங்கிலங்கள் தெற்கு நோக்கிப் போவது டிசம்பர் கடைசியில். திரும்பி வருவது மார்ச்சில். கடலுக்குள் நீண்டு கிடக்கும் கேப் லுக்அவுட் முனைக்கு நாலு கிலோமீட்டர் சேற்றில் நடந்து போனால், அவை மூச்சு விடுவது மேலிருந்தே தெரியும்.

இனிச் சோற்று விஷயம். யர்ட்டுக்குள் சமைக்கக் கூடாது. ரைஸ் குக்கர் வைப்பதும் சமையல்தான். சுவர் துணி என்பதை மறக்க வேண்டாம். வெளியே மேசைக்கு மேல் ஒரு தார்ப்பாயைக் கட்டி, கேஸ் அடுப்பில் டீ போடலாம், தோசைகூட வார்க்கலாம். ஆனால் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில் காற்றோடு போராடுவதைவிட, நம் கட்டுச்சோற்று மரபே கைகொடுக்கும். புளியோதரை, தக்காளித் தொக்கு, சப்பாத்தி, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் இந்தப் பயணத்துக்கென்றே செய்தவை போல இருக்கும். விறகை வீட்டிலிருந்து எடுத்துப் போகக் கூடாது, அங்கேயே வாங்க வேண்டும். விறகோடு பூச்சிகளும் பயணம் செய்யும். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு 2022-ல் ஒரிகனுக்குள் வந்துவிட்டது.

மிச்சச் சோற்றைக் காக்கைக்கு வைப்பது நமக்குப் பழக்கம், புண்ணியமும்கூட. அந்தக் காட்டில் அதைச் செய்யவே கூடாது. மார்பிள்டு முரலெட் என்ற கடற்பறவை பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, பழைய மரங்களின் பாசி படர்ந்த கிளையில் வந்து ஒரே ஒரு முட்டை இடும். கூடு கட்டாது. முகாமில் சிந்திய பருக்கைக்காகக் கூடும் காக்கை இனப் பறவைகள் அந்த முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். பழைய காடுகள் வெட்டப்பட்டதாலேயே அருகிப்போன இந்தப் பறவையை அமெரிக்க அரசு 1992-ல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்தது. மேசையில் கிடக்கும் ஒரு கைப்பிடிச் சோற்றைத் துடைத்து எடுப்பது அங்கே சிறிய காரியம் இல்லை.

கடலிடம் கவனம் வேண்டும். குளிர்கால அலை சில நிமிடம் அடங்கியிருந்துவிட்டுத் திடீரென மணல்மேட்டின் அடிவரை பாயும். கரையில் கிடக்கும் பெரிய மரக்கட்டைகள் அந்த நீரில் உருளும். அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்துப் படம் எடுப்பது உயிரோடு விளையாடுவது. ஓத அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கும் நேரத்தில் போய் ஏறும்முன் திரும்ப வேண்டும். 2004 டிசம்பரை மறக்காத நமக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1700 ஜனவரி 26 இரவு இந்தக் கரையை உலுக்கிய நிலநடுக்கத்தின் ஆழிப்பேரலை ஜப்பானையே எட்டியது. அங்குள்ள பழைய ஏடுகளில் அது பதிவாகியிருக்கிறது. அந்த நிலநடுக்கத்தை உண்டாக்கிய கடலடிப் பிளவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கேப் லுக்அவுட், நெஹேலம் பே முகாம்கள் மணல்திட்டில் அமைந்தவை. சாவி வாங்கியதும் மேட்டுக்குப் போகும் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். தரை நீண்ட நேரம் குலுங்கினால் சங்கொலிக்குக் காத்திராமல் ஏறிவிட வேண்டியதுதான். மலைச்சாலையில் பனியும் மண்சரிவும் உண்டு. புறப்படும் காலையில் மாநிலப் போக்குவரத்துத் துறையின் ட்ரிப்செக் தளத்தைப் பார்ப்பது கட்டாயம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, நல்ல விடுதியில் தங்கலாமே என்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஒரிகனின் கடற்கரை முழுவதும் பொதுமக்களின் பயன்பாட்டுக்கு உரியது. 1913-ல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் ஈரமணலைப் பொது நெடுஞ்சாலையாக அறிவிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1966-ல் கேனன் பீச்சில் ஒரு விடுதி உலர்மணலைத் தன் விருந்தினருக்கென்று வளைத்தபோது மக்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே ஆளுநர் டாம் மெக்காலின் கையெழுத்தோடு கடற்கரைச் சட்டம் வந்தது. யாரும் வேலி போட முடியாத அந்தக் கரையில், எளிய வாடகைக்கு அரசே தரும் கூரை யர்ட். பொதுக்கரை என்ற உரிமை, விடுதியில் தங்க வசதியில்லாத குடும்பத்துக்கும் எட்டுவது இதனால்தான்.

அந்த எளிமைக்கு இப்போது நெருக்கடி. ஒரிகன் பூங்காக்கள் மாநிலத்தின் பொதுவரியில் ஓடுபவை அல்ல. தங்குவோர் தரும் கட்டணம், 1998-ல் வாக்காளர்கள் ஒதுக்கிய லாட்டரி வருமானப் பங்கு, வீட்டு வண்டிகளின் பதிவுக் கட்டணம் ஆகியவற்றை நம்பியிருக்கின்றன. செலவு ஏறியதால் அண்மை ஆண்டுகளில் வாடகையும் ஏறிவருகிறது. கோடை வார இறுதிக்கு உயர்த்துவதைப் புரிந்துகொள்ளலாம். அப்போது கேட்பவர் அதிகம். மழைக்கால வாரநாட்களுக்கும் அதே போக்கு தொடர்ந்தால், எந்த நோக்கத்துக்காக அந்தக் குடில் நடப்பட்டதோ அதுவே கெடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை திங்கள் முதல் வியாழன் வரையிலான வாடகையைத் துறை குறைத்தே வைக்க வேண்டும். பூங்கா ஆணையம் கட்டணத்தைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது, ஹில்ஸ்பரோவின் தமிழ்க் குடும்பங்களும் இதை எழுதி அனுப்பலாம்.